கூழ் தெறிச்ச தழும்பு

ஜவ்வாதுமலை,
மாசி பத்து, ஞாயித்துக்கிழமை.

என் கண்ணு ஜீவானந்தத்துக்கு அம்மா எழுதறது.

இங்க எல்லாரும் சொகம், அங்க உன் சொகத்த எழுதுன்னு ஆரம்பிக்கத்தான் பேனாவ எடுத்தேன், ஆனா இந்த ஒரு வருஷத்துல நான் சொன்ன பொய்யே போதும்டா நைனா, அதனால உள்ளது உள்ளபடி எழுதறேன். நாங்க இங்க முக்காவாசி சொகம். மீதி கால்வாசி உன் கையில இருக்குது. அது இன்னான்னு சொல்றதுக்குத்தான் இந்தக் கடுதாசி. நீயும் அந்தக் கச்சு சீமையில கரண்டு எடுக்கற காத்தாடிக் கம்பத்து மேல ஏறி எறங்கறவன், வெயில்ல காஞ்சு போகாம வேளைக்குச் சாப்ட்டு நல்லா இருக்கணும்னு காளியம்மாவ வேண்டிக்கினே இருக்கேன்.

யாரோ ஒரு புண்ணியவான் உனக்கு வாட்சப்புல போட்டிருக்கான், அன்பரசி பரிசப் பொடவையத் திருப்பிக் குடுத்துட்டா, உன்ன வேணாம்னுட்டான்னு. அதப் படிச்சதும் இன்னா ஏதுன்னு ஒரு வார்த்த கேக்காம, என் மானம் போச்சு, நீயும் உன் அண்ணன் பொண்ணும் எனக்கு வேணாம்னு கத்திட்டு போன வச்சிட்ட. பதினோரு நாளா சுவிட்ச் ஆப்பு. உங்கப்பாரு தெனமும் புளி உலுக்கப் போறதுக்கு முன்னாடி பாறை மேல ஏறி டவர் புடிச்சு உனக்குப் போட்டுப் பாக்கறாரு, அந்தப் பொம்பளக் குரலு இந்தியில இன்னாவோ சொல்லுது, அவுரும் சரிங்கம்மான்னு மரியாதையா சொல்லிட்டு எறங்கி வர்றாரு. கோவத்துல நீ அவுர மாதிரி இல்லடா, என்ன மாதிரி, அதான் எனக்குத் திட்டவும் வாய் வரல. போன்ல சொன்னா பாதியில வெட்டிடுவ. கடுதாசியக் கிழிச்சாலும் ஒட்டி வச்சுப் படிப்ப, உன்ன எனக்குத் தெரியாதா. அன்பரசி உன்ன வேணாம்னு சொல்லல. அவ இன்னா சொன்னான்னு சொல்றதுக்கு முன்னாடி நான் பண்ணதச் சொல்லணும், அப்பதான் அவ பண்ணது உனக்குப் புரியும்.

உங்கக்கா மஞ்சுளா பொண்ணு சரிதாவுக்கு ஆனி மாசத்துல காலையில எழுந்தா வாந்தி, தலவலி, எடது கால இழுத்து இழுத்து நடந்தா, மூளையில கட்டின்னு வேலூர் ஆசுபத்திரியில சொல்லி ஆடியில ஆபரேசன் பண்ணாங்க. இதெல்லாம் உனக்குத் தெரியும், நீயும் லீவு போட்டு வந்து நாலு நாள் வராண்டாவுல கெடந்த. நீ ரயிலேறிப் போன பிற்பாடு நடந்ததுதான் உனக்குத் தெரியாது, ஏன்னா நான் சொல்லல. புள்ளைங்க டாக்டர் ரேணுகாதேவி அம்மா, ஒல்லியா கண்ணாடி போட்டுக்கினு எட்டு வயசுப் புள்ளையக் கூட வாங்க போங்கன்னு கூப்புடுவாங்களே, அவுங்கதான், சரிதா முதுகுலயும் தொடையிலயும் இருக்கற டீத்தண்ணி நெறத்து மச்சத்தத் தடவிப் பாத்துட்டு, இது பொறக்கும்போதே இருந்ததா, குடும்பத்துல வேற யாருக்காவது இருக்குதா, நீங்க சொந்தத்துல கட்டினதான்னு கேட்டாங்க. மஞ்சுளா வாயத் தொறக்கறதுக்குள்ள நான் முந்திக்கினேன். அது கூழு கொதிச்சுத் தெறிச்ச தழும்புங்க மேடம்னேன். மஞ்சுளாவ எங்கண்ணன் மகனுக்கே குடுத்துட்டு, சொந்தமெல்லாம் இல்லீங்க, அசல்லதான் குடுத்தோம்னேன். அவுங்க என்ன நம்பி அப்பிடியே பைல்ல எழுதிக்கினாங்க. மஞ்சுளா என் மூஞ்சியப் பாத்தா, நான் கண்ணால ஒரு முறை முறைச்சேன், அவ தலையக் குனிஞ்சுக்கினா.

ஏன் அப்பிடிச் சொன்னேன்னு நீ கேக்க வேண்டியதே இல்ல, நீயும் அதக் கேட்டு வளந்தவன்தான். என் பொறந்த வூட்டு வகையறாவுல, நெல்லிவாசல்நாட்டுப் பக்கம், அந்த நெறத்துல நாலஞ்சு மச்சத்தோட புள்ள பொறந்தா அது காளியம்மா தொட்ட குறி. குறிப் புள்ள தொட்டுக் குடுத்தாத்தான் திருவிழாவுல மொதப் பொங்கப் பானை அடுப்பேறும். அத அசலாருக்குச் சொல்லக் கூடாது, எத்தினின்னு எண்ணக் கூடாது, எண்ணினா அம்மா புள்ளையத் திருப்பி வாங்கிக்குவா. இதெல்லாம் எனக்கு ரத்தத்துல ஊறிப் போச்சு. நான் இருபது வருஷமா அங்கன்வாடி டீச்சரு, ஊர்ப் புள்ளைங்களுக்கெல்லாம் எடை போட்டு எழுதி, தாயிங்கள நிக்க வச்சு, டாக்டருகிட்ட எதையும் மறைக்காதீங்கடின்னு தொண்ட கிழியக் கத்தறவ. என் பேத்தின்னு வந்ததும் அந்தத் தொண்டையிலயிருந்தே பொய் வந்துச்சு. சொந்தத்துல கட்டினோம்னு சொன்னா நம்மள காட்டு ஜனம்னு ஒரு மாதிரி பாப்பாங்களோன்னு அதுக்கு ஒரு பொய். ஆக ரெண்டு பொய். அந்த ரெண்டுலயே நாலு மாசம் ஓடிப் போச்சு.

அந்த நாலு மாசமும் சரிதாவுக்குத் தலையில கதிர் வச்சாங்க, கட்டிக்குன்னு மாத்திரை குடுத்தாங்க. புள்ள அந்த மாத்திரைய முழுங்கறதும் கக்கறதுமா, எலும்புந் தோலுமா ஆயிட்டா. கார்த்திகையில திருப்பி ஸ்கேன் எடுத்தா கட்டி மறுபடியும் வளந்து நிக்குது. அன்னிக்கு மஞ்சுளாவுக்குக் காய்ச்சல்னு அவளுக்குப் பதிலா அன்பரசி தொணைக்கு வந்திருந்தா, அண்ணன் பொண்ணாச்சே, சரிதாவுக்கு அவ அத்தையாச்சே. டாக்டரம்மா படத்த வெளிச்சத்துல மாட்டி, பழைய படத்தையும் பக்கத்துல மாட்டிப் பாத்தாங்க. அப்புறம் இந்த மாத்திரை இம்மா சுத்தமாக் கேக்காம போறது எனக்குப் புரியலீங்கம்மான்னு சொல்லிக்கினே பைலப் பொரட்டி, முதுகுல கூழு தெறிச்ச தழும்புன்னு படிச்சாங்க. அன்பரசி சடார்னு திரும்பி என்னப் பாத்தா. நான் வேணாம்டின்னு கண்ணக் காட்டினேன், பெஞ்சுக்குக் கீழ அவ காலக் கூட மிதிச்சேன். அவ என் பாதத்துக்கு அடியிலயிருந்து மெதுவாக் கால உருவிக்கினு எழுந்து நின்னு, மேடம் அது தழும்பு இல்ல, பொறவியிலயே இருக்குது, எங்கண்ணன் கட்டினது எங்க அத்தை பொண்ணத்தான், அத்தை பயத்துல சொல்லிட்டாங்க, அவுங்களத் திட்டாதீங்க, அவுங்க கெட்டவங்க இல்லன்னா. ஜீவா, என்னக் காட்டிக் குடுத்துக்கினே எனக்கு வக்காலத்தும் வாங்கினா பாரு, அந்த நிமிஷம் எனக்கு அவள அறையணும்னும் இருந்துச்சு, கால்ல விழணும்னும் இருந்துச்சு.

டாக்டரம்மா திட்டவே இல்லடா. ரெண்டாவது வாட்டி கேக்காதது என் தப்புங்கம்மான்னாங்க. அம்மாம் படிச்சவங்க அப்பிடிச் சொன்னதும் நான் முந்தானையில மூஞ்சிய மூடிக்கினேன். சரிதாதான் கட்டில்ல இருந்து எழுந்து குந்திக்கினு, சட்டையத் தூக்கி, டாக்டர் நல்லா எண்ணிக்கோங்க, உள்ளங்கால்ல ஒண்ணு இருக்குது, அத ஆயா கூடப் பாத்ததில்லன்னு கால நீட்டினா. மொட்டத் தலையும் அவளும். மொத்தம் பதிமூணு. எண்ணி முடிச்சும் காளியம்மா யாரையும் வாங்கிக்கல.

அப்புறம் ரத்தம் எடுத்து அனுப்பினாங்க, மார்கழியில ரிசல்ட் வந்துச்சு. டாக்டரம்மா விளக்கமாச் சொன்னத எனக்குப் பதிய வச்சது அன்பரசிதான், அவ சொன்ன மாதிரியே உனக்கும் சொல்றேன். உடம்பு வளரும்போது உள்ள இருக்கற எழுத்த எல்லாம் பாத்துப் பாத்து எழுதிக்கினே போகுதாம், எழுதும்போது தப்பு வரத்தான் செய்யுமாம், பின்னாடியே வந்து அந்தத் தப்பத் திருத்தறதுக்கு ஆளு இருக்குதாம். சாமைக் கொல்லையில நாம களை எடுக்கறோம் இல்ல, ஒவ்வொரு பாத்திக்கும் ரெண்டு பொம்பளைங்க வுட்டா மாதிரி, அப்பன் குடுத்த ஆளு ஒண்ணு, ஆத்தா குடுத்த ஆளு ஒண்ணு. எனக்கு அதுல ஒரு ஆளு பொறவியிலயே வரல. மீதி ஒருத்தியே இத்தினி வருஷமா எல்லாக் களையும் எடுத்துக்கினு இருக்கறா. எங்கண்ணன் அர்ச்சுனனுக்கும் அதேதான், எங்க அப்பா வழியில ரெண்டு பேருக்கும் வந்தது. நான் அத மஞ்சுளாவுக்குக் குடுத்தேன், எங்கண்ணன் அவுரு மகன் தனசேகரனுக்குக் குடுத்தாரு, நாங்க ரெண்டு பேரும் சேந்து அவுங்களுக்குக் கல்யாணம் பண்ணி வச்சோம். ரெண்டு பக்கத்துக் கொறையும் சரிதாகிட்ட வந்து சேந்துடுச்சு. அவ கொல்லையில களை எடுக்க ஒருத்தியும் இல்ல. அதான் அந்தக் கட்டி, அதான் அந்த மச்சமும். அவ தம்பிக்கும் பாத்தாங்க, அவனுக்கு ஒரு ஆளு இருக்குது, முழுக் கோளாறு இல்ல, தப்பிச்சான்.

இது தெரிஞ்சதுல ஒரு நல்லதும் இருக்குது. இந்தக் கோளாறு இருக்கற கட்டிக்கு அந்த மாத்திரை கேக்கவே கேக்காதாம், இதுக்கு வைக்கறதே வேற மருந்தாம். தப்பு மேல தப்பு சேந்து கெடக்கறதால அந்தக் கட்டி உடம்புல இருக்கற காவக்காரனுக்கு அசலாளுன்னு சுலபமாத் தெரியணும், ஆனா கட்டி அவன் கண்ணக் கட்டி வச்சிருக்குது, இந்த மருந்து அந்தக் கட்ட அவுத்து வுடுமாம். மூணு வாரத்துக்கு ஒரு வாட்டி ஊசி வழியா ஏத்தறாங்க. டாக்டரம்மா எங்கெங்கயோ எழுதிப் போட்டு அந்த மருந்த வாங்கிக் குடுத்தாங்க, ஒரு நாளும் அதப் பத்திப் பேசினதில்ல, நர்சு சொல்லித்தான் எனக்குத் தெரியும். போன வாரம் ஸ்கேன் எடுத்தோம். கட்டி பாதியா சுருங்கிடுச்சு ஜீவா. பாதி. முழுசாப் போயிடும்னு என்னால சொல்ல முடியாது, மூணு மாசத்துக்கு ஒரு வாட்டி பாத்துக்கினேதான் இருக்கணும்னு டாக்டரம்மா கறாராச் சொல்லிட்டாங்க, எனக்கு அந்தக் கறார் புடிச்சிருக்குது. சரிதா அந்த டமடமன்னு அடிக்கற மெஷினுக்குள்ள மயக்க ஊசி இல்லாமயே படுக்கறா. இன்னாடி பண்ணுவ உள்ளன்னு கேட்டா, டிராக்டர் உழுவுதுன்னு நெனச்சுக்குவேன் ஆயா, எத்தினி சால் ஓட்டுதுன்னு எண்ணுவேன், போன வாட்டி அது கோணலா ஓட்டுச்சுன்றா. பெரியவங்களே அதுக்குள்ள கத்தறாங்களாம். எட்டு வயசுல அவளுக்கு இருக்கற நெஞ்சு எனக்கு நாப்பத்தெட்டுல வரல.

இப்ப அன்பரசி பண்ணதச் சொல்றேன், குந்திக்கினு படி. டாக்டரம்மா உங்க குடும்பத்துல யாரு யாரு எதுல செத்தாங்கன்னு தெரிஞ்சா நல்லதுன்னு வாய் வார்த்தையாத்தான் சொன்னாங்க. இவ சொசைட்டியில தேன் எடை போடற வேலைக்கு லீவு சொல்லிட்டு, ஒரு கோடு போட்ட நோட்டும் பென்சிலுமா நெல்லிவாசல்நாட்டுக்கு ஜீப்பு ஏறிட்டா. ஜீப்பு போகாத எடத்துக்கு நடந்தா. ஒம்போது நாள். வூடு வூடா குந்திக்கினு, களி கிண்டிக் குடுத்து, மொளகா அரைச்சுக் குடுத்து, பொழுதோட பொழுதா செத்தவங்க கதையக் கேட்டா. மொதல்ல யாரும் வாயத் தொறக்கல, குறிப் பேச்சு எடுத்ததும் எழுந்து போய்ட்டாங்க. எங்க அப்பாவோட தங்கச்சி மாணிக்கம்மாள் அத்தைதான் கடைசியில, உனக்கு இது இன்னாத்துக்குடின்னு கேட்டாங்களாம். சரிதாவுக்கு இருக்குது, இனிமே பொறக்கற புள்ளைக்கு வரக் கூடாதுன்னு இவ சொல்லியிருக்கா. அத்தை அடுப்புல வெறகத் தள்ளி வுட்டுட்டு வெரல மடக்கினாங்களாம். அவுங்க பாக்க நம்ம வகையறாவுல குறியோட பொறந்த புள்ளைங்க சரிதாவுக்கு முன்னாடி மூணு. ஒண்ணு கூட பத்து வயசு தாண்டல. மூணும் தலவலி தலவலின்னு அழுதுதான் போச்சுங்க. நாம அம்மா கூப்புட்டுக்கினான்னு சொல்லி பூ போட்டு அனுப்பினோம். மூணு புள்ளைங்களோட அப்பன் ஆத்தாளும் சொந்தம்தான். அது வரைக்கும் எங்க யாருக்கும் அந்த மூணையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாக்கத் தோணல ஜீவா. பொங்கப் பானையத் தொட்டுக் குடுக்க வச்சோமே அந்தப் புள்ளைங்கள, ஒரு வாட்டியாவது எதுக்குப் புள்ள அழுவுதுன்னு பாத்தோமா.

திரும்பி வந்து ஒரு பெரிய சார்ட்டுல அத்தினி பேரையும் வரஞ்சா. ஆம்பளைக்குக் கட்டம், பொம்பளைக்கு வட்டம், ஒரு ஆளு கொறைஞ்சவங்களுக்குப் பாதி கறுப்பு, முழுசும் இல்லாதவங்களுக்கு முழுக் கறுப்பு. அஞ்சு தலமொறை. டாக்டரம்மா அதப் பாத்துட்டு எழுந்தே நின்னுட்டாங்க. எங்க புத்தகத்துல கூட இம்மாஞ் சுத்தமா இருக்காதுங்க, யாரு கத்துக் குடுத்தாங்கன்னு கேட்டாங்க. அன்பரசி, நெட்டுல பாத்தேங்க மேடம், மாடுங்களுக்குப் போட்டிருந்தாங்கன்னா. இப்ப அந்த சார்ட்டு டாக்டரம்மா ரூம்புலதான் ஒட்டியிருக்குது, பேரை மட்டும் மறைச்சிட்டாங்க. அந்த சார்ட்டுல ரெண்டாவது வரியில எங்க அப்பா கட்டம் இருக்குது. நாப்பத்தி நாலு வயசுல மலத்துல ரத்தம் போய்ப் போய்ச் செத்தாரே, சின்னதம்பி குடும்பந்தான் மருந்து வச்சுட்டாங்கன்னு சொல்லி எங்கண்ணன் இருபத்தெட்டு வருஷம் அவுங்க கெணத்துல தண்ணி மொள்ளல, அவுங்க வூட்டுச் சாவுக்குப் போகல, உனக்கே தெரியும். டாக்டரம்மா, ஒரு ஆளு கொறைஞ்ச பெரியவங்களுக்கு மூளையில வராது, குடல்ல வரும், பொம்பளைங்களுக்குக் கர்ப்பப்பையிலயும் வரும், இவுருக்கு வந்தது அதுவாத்தான் இருக்கும்னாங்க. எங்கண்ணன் மறுநாள் காலையில ஒரு பலாப்பழத்தத் தோள்ல தூக்கிக்கினு சின்னதம்பி வூட்டு வாசல்ல போய் நின்னுட்டாரு. இன்னா பேசினாங்கன்னு யாருக்கும் தெரியல, ரெண்டு பேரும் சேந்து பழத்த அறுத்தாங்க. வீராப்புல எங்க வகையறாவுலயே மொத ஆளு அவுரு. அவுரால முடிஞ்சது உன்னால முடியாதா?

உனக்கு இன்னொண்ணும் சொல்லல. என் வயித்துலயும் கேமரா வுட்டுப் பாத்தாங்க. மொச்சக் கொட்டை அளவுல ஒரு சதை இருந்துச்சு, இன்னும் கெட்டதா மாறல, அப்பவே கிள்ளி எடுத்துட்டாங்க. எங்க அப்பாவுக்கும் இப்பிடித்தான் சின்னதா ஆரம்பிச்சிருக்கும். பயப்படாத, மறுநாளே நான் அங்கன்வாடிக்குப் போய் முட்டை வேக வச்சேன். ஆனா யோசிச்சுப் பாரு, அன்பரசி அன்னிக்கு எழுந்து நிக்கலன்னா சரிதாவும் இல்ல, இன்னும் அஞ்சாறு வருஷத்துல நானும் இல்ல. உங்கப்பாரு இதுல எதுலயும் இல்ல, அவுரு கட்டம் முழு வெள்ளை, அத ஊரெல்லாம் சொல்லிக்கினு திரியறாரு.

எங்க எல்லாருக்கும் முன்னாடி மொத ஆளா ரத்தம் குடுக்கக் கைய நீட்டினது அன்பரசிதான். டாக்டரம்மா யோசிச்சுப் பண்ணும்மா, இருபத்து மூணு வயசு, கல்யாணம் பேசியிருக்குதுன்னாங்க. அதுக்குத்தாங்க மேடம்னா. தை மாசம் ரிசல்ட் வந்துச்சு. அவளுக்கும் ஒரு ஆளு இல்ல. பாதி கறுப்பு. நான் ஒடிஞ்சு குந்திட்டேன், அவ நோட்டத் தொறந்து, எந்த வயசுலயிருந்து கேமரா வச்சுப் பாக்கணும், எத்தினி வருஷத்துக்கு ஒரு வாட்டின்னு ஒவ்வொண்ணாக் கேட்டு எழுதிக்கினா. வெளிய வந்து ரெண்டு செட்டு பூரி தின்னா. பஸ்ஸு அமிர்தி தாண்டி ஏத்தம் ஏறும்போதுதான் என் தோள்ல சாஞ்சு அழுதா, அதுவும் ரெண்டு வளைவு வரைக்கும்தான். மூணாவது வளைவுல மூக்க உறிஞ்சிட்டு, அத்தை, ஜீவா மாமாவும் ரத்தம் குடுக்கணும், அவுருக்கு இல்லன்னா எங்களுக்குப் பொறக்கற புள்ளைக்கு முழுக் கோளாறு வராது, பாதி வேணா வரலாம், அத நாங்க பாத்துக்குவோம், அவுருக்கும் இருந்தா நாலுல ஒண்ணு சரிதா மாதிரி, அப்ப நான் அவுரக் கட்ட மாட்டேன்னா. நாலுல மூணு நல்லா இருக்குமேடின்னு நான் பைத்தியக்காரி மாதிரி சொன்னேன். வயித்துலயே பாத்துத் தெரிஞ்சுக்க வழி இருக்குதாமேன்னும் சொன்னேன். நாலுல ஒண்ணுன்னா என் கண்ணுக்கு அந்த ஒண்ணுதான் அத்தை தெரியும், சரிதாவத் தூக்கிக்கினு அந்த வராண்டாவுல நடந்தவ நான்னா. மறுநாள் பரிசப் பொடவைய மடிச்சு எடுத்தாந்து, ரிசல்ட் வர்ற வரைக்கும் உங்ககிட்டயே இருக்கட்டும், என் பொட்டியில இருந்தா எடுத்து எடுத்துப் பாக்கத் தோணுதுன்னு சொல்லிக் குடுத்துட்டுப் போனா. அதான்டா அந்தத் திருப்பிக் குடுத்த கதை. உன்ன வேணாம்னு சொல்றவ பொடவைய எதுக்கு எடுத்து எடுத்துப் பாக்கணும், சொல்லு.

அவ பொறந்த அன்னிக்கே இவ என் மருமகள்னு சொன்னவ நான். அந்த ஆசைய இன்னிக்கு நான் எடுத்து ஓரமா வச்சிட்டேன், உன் மேலயும் அவ மேலயும் அத ஏத்த மாட்டேன். உனக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்புன்றாங்க. இருந்தா அவ வேற எடம் கட்டட்டும், நீயும் வேற எடம் கட்டு, அவ எனக்கு அண்ணன் பொண்ணு, அது எந்த ரத்தத்தாலயும் மாறப் போறதில்ல. இல்லன்னா வைகாசியில பந்தல் போடுவோம். ஆனா ரிசல்ட்டு அவளுக்காக மட்டும் இல்லடா நைனா, உனக்காகவும்தான். உனக்கு இருந்தா உனக்கும் அந்தக் கேமரா உண்டு, எங்க அப்பா மாதிரி உன்ன நான் குடுக்க மாட்டேன். கூட டாக்டரம்மா லெட்டரு வச்சிருக்கேன், அதுல அவுங்க நம்பர் இருக்குது, நீ ஒரு போன் பண்ணா உன் ஊருப் பக்கத்துல எந்த எடத்துல ரத்தம் குடுக்கறதுன்னு அவுங்களே சொல்றாங்களாம், இல்லன்னா லீவு போட்டு நேரா வேலூருக்கே வந்துடு. நான் பொய் சொல்லி நாலு மாசம் போச்சு, நீ போன அணைச்சு வச்சு இன்னொரு மாசத்தப் போக்காத.

மறக்காம பெல்ட்டு மாட்டிக்கினு கம்பம் ஏறு, கூட இருக்கறவன் மாட்டலன்னா நீயும் மாட்டாம ஏறாத. தலைக்கு எண்ணெய் வை. புதுப் புளி கொட்டை எடுத்து தனியா பார்சல் அனுப்பறேன், அங்க சாம்பார்ல சக்கரை போடறாங்கன்னு சொன்னியே, இதப் போட்டு நீயே வச்சுக்க. பதினோரு நாளா கத்தாம இருந்ததால தொண்டை நல்லாத்தான் இருக்கும், ஒரு வாட்டி உங்கப்பாருகிட்டப் பேசு, அந்த இந்திக்காரி கூட எத்தினி நாளைக்குத்தான் அவுரு பேசுவாரு. சரிதா, மாமாவுக்கு எழுதுன்னு சொன்னது, வரும்போது காத்தாடி இறக்கை ஒண்ணு எடுத்துக்கினு வரணுமாம்.

சார்ட்டுக்கு ஒரு ஜெராக்ஸு எடுத்து மடிச்சு வச்சிருக்கேன். அதுல எல்லாரும் அன்பரசி கையாலதான் நெரம்பியிருக்காங்க, அவளயும் அவளே கறுப்பாக்கிக்கினா. உன் பேருக்கு மட்டும் கட்டம் போடாம வெறுமையா வுட்டிருக்கா. நான் கவர ஒட்டப் போகும்போது ஓடியாந்து, தலையில ரப்பரு வச்ச ஒரு பென்சில உள்ள போட்டா. இது எதுக்குடின்னேன். மாமா கட்டத்த மாமாவே போட்டு அனுப்பட்டும், கறுப்போ வெள்ளையோ நான் தாங்கிக்குவேன், காலியா இருக்கறதத்தான் அத்தை தாங்க முடியலன்னா.

காளியம்மா நீ ஏறும்போதும் எறங்கும்போதும் உன் கூடவே இருக்கட்டும், நீ நூறு வயசு நோய் நொடி இல்லாம இருக்கணும்.

இப்படிக்கு,
உன் அம்மா சகுந்தலா,
சார்ட்டுல மூணாவது வரி, பாதி கறுத்த வட்டம்.